பெருவின் சிறு தோட்டக் காபியை ஆர்கானிக், ஃபேர்ட்ரேட் சான்றோடு வாங்குவது எப்படி?

தென் அமெரிக்கச் சிறு விவசாயிகளின் காபியைக் கொண்டுவந்து, சொந்தமாக வறுத்து, ஆர்கானிக் என்றும் ஃபேர்ட்ரேட் (விவசாயிக்கு நியாய விலை தந்து வாங்கியது) என்றும் லேபிளில் போட்டு விற்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் சிறிய அளவில் காபி வறுத்து விற்கிறவன். எனக்குப் பழக்கமானது பெரு நாட்டுக் காபி. ஆர்கானிக் காபி ஏற்றுமதியில் பெரு உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. அங்கே காபி பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய சான்றுபெற்ற காபி பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான் நம் கைக்கு வரும்.

நான் இந்த வழியில் இறங்கியபோது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்ல யாருமில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டும் சொன்னது. அடுத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கீழே சொல்லும் சட்டங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கானவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் படிகள் ஏறக்குறைய இதேதான், சான்றிதழ்கள் வேறு. இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் இறக்குமதி வரியைப் பாருங்கள். வறுக்காத பச்சைக் கொட்டைக்கே 100 விழுக்காடு சுங்க வரி இருப்பதால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். இந்தக் காபியில் காகிதமும் பணமும் கொட்டைக்கு முன்னால் போக வேண்டும். கப்பல் கிளம்பியபின் எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத காகிதம் ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்தபின் அனுப்பினால் பாதிப் பயன்கூட இல்லாத பணமும் இருக்கிறது. இரண்டையும் அந்தந்த இடத்தில் விளக்குகிறேன்.

1. காலண்டரை எடுத்து வையுங்கள்

பெருவில் தாழ்வான தோட்டங்களில் மார்ச், ஏப்ரலிலேயே பழம் பறிக்கத் தொடங்குவார்கள். உயரமான தோட்டங்களில் செப்டம்பர், அக்டோபர் வரை போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் சங்கங்களுக்கு எழுத வேண்டும். மார்ச் முதல் மே வரை விலை பேசி ஒப்பந்தம் போட வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் கப்பலேற்றத்துக்கு முந்தைய மாதிரி உங்களுக்கு வரும். சரக்கு செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் கிளம்பும். வடபெருக் காபி பைத்தா துறைமுகத்திலிருந்தும், நடுப்பகுதி, தென்பகுதிக் காபி பெரும்பாலும் லிமாவை ஒட்டிய கல்யாவோவிலிருந்தும் ஏறும். பனாமா கால்வாய் வழியாக வட ஐரோப்பாவுக்கு வர ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். நடுவில் கப்பல் மாற்றினால் இன்னும் கூடும். அதாவது பிப்ரவரியில் பேச்சைத் தொடங்கியவர் கையில் மூட்டை கிடைக்கும்போது ஆண்டு முடியும் கட்டத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் புதுக் காபி என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. எந்த வழியில் வாங்கப் போகிறீர்கள்?

மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஹாம்பர்க், பிரெமென், ஆன்ட்வெர்ப், ட்ரியெஸ்தே போன்ற துறைமுகக் கிடங்குகளில் இறக்குமதியாளர்கள் வைத்திருக்கும் சரக்கில் ஒன்றிரண்டு மூட்டை வாங்குவது. சுங்கமும் இறக்குமதிக் காகிதமும் அவர்கள் தலைவலி.

இரண்டாவது, ஒரு இறக்குமதியாளரின் கன்டெய்னரில் உங்களுக்கென்று பத்து, இருபது மூட்டை ஏற்றச் சொல்வது. எந்தச் சங்கம், எந்தத் தரம் என்று நீங்கள் பேசித் தீர்மானிப்பீர்கள். கொண்டுவருவது அவர் பொறுப்பு, அதற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம்.

மூன்றாவது, முழுக் கன்டெய்னர். பெருவில் ஏற்றுமதி மூட்டை 69 கிலோ. 20 அடி கன்டெய்னரில் 275 மூட்டை, மொத்தம் 18,975 கிலோ. தனியொரு சின்னக் கடைக்கு இது பல ஆண்டுச் சரக்கு. பச்சைக் கொட்டை நன்றாக வைத்திருந்தாலும் ஓராண்டுக்குமேல் சுவை மங்கும், பழைய சாக்கு வாடை ஏறும்.

என் யோசனை: முதல் ஆண்டு கிடங்குச் சரக்கு, அடுத்த ஆண்டு இரண்டாவது வழி. நாலைந்து வறுப்பவர்கள் சேர்ந்தால் மட்டும் முழுக் கன்டெய்னர்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பெருக்காரர்கள் விலையையும் அளவையும் குவிண்டாலில் சொல்வார்கள். அவர்களுடைய குவிண்டால் 46 கிலோ, கிட்டத்தட்ட 100 பவுண்டு. நம் ஊரில் குவிண்டால் என்றால் 100 கிலோ என்று பழகிய மனம் கணக்கைப் பாதிக்குமேல் தப்பாகப் போட்டுவிடும். ஒரு கன்டெய்னர் 412.5 குவிண்டால் என்று எழுதியிருந்தால் அது அந்த 18,975 கிலோவேதான்.

3. உங்கள் பக்கத்துச் சான்றிதழ்களை முதலில் முடியுங்கள்

சங்கத்திடம் ஆயிரம் காகிதம் கேட்கும் முன் உங்களிடம் இருக்க வேண்டியவை இவை.

ஆர்கானிக் சான்று: ஆர்கானிக் கொட்டையை வாங்கி வறுத்து உங்கள் பெயரில் பை போடுகிறீர்கள் என்றால் நீங்களும் ஆர்கானிக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் அவர்கள் ஆண்டுதோறும் வந்து சோதிப்பார்கள். சின்னக் கடைக்கு ஆண்டுக்குச் சில நூறு யூரோ ஆகும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள், வித்தியாசம் இருக்கும். சாதாரணக் காபியும் அதே இயந்திரத்தில் வறுப்பவர் என்றால், ஆர்கானிக்கை எப்போது வறுக்கிறீர்கள், அதற்குமுன் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், எங்கே தனியாக வைக்கிறீர்கள் என்று எழுதித் தர வேண்டும். ஆய்வாளர் முக்கியமாகப் பார்ப்பது அளவுக் கணக்கு. வாங்கிய கொட்டை, வறுப்பில் போன எடை, விற்ற பைகள் மூன்றும் பொருந்த வேண்டும். முதல் நாளிலிருந்தே வறுப்பு நோட்டு எழுதுங்கள்.

நேரடியாக இறக்குமதி செய்கிறவர் என்றால், சரக்கை முதலில் பெறுபவராகவும் இறக்குமதியாளராகவும் அந்தச் சான்றிதழிலேயே உங்கள் செயல்பாடு பதிவாகியிருக்க வேண்டும். வறுப்பதற்கான சான்று மட்டும் போதாது.

ஃபேர்ட்ரேட்: இதில் இரண்டு வேறு விஷயங்களை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சங்கத்தையும் இடையில் உள்ள வணிகர்களையும் தணிக்கை செய்வது ஃப்ளோசெர்ட் நிறுவனம். பையின்மேல் முத்திரை போட உரிமம் தருவது அந்தந்த நாட்டு ஃபேர்ட்ரேட் அமைப்பு, ஜெர்மனியில் ஃபேர்ட்ரேட் டாய்ச்லாந்த். சங்கம் சான்று பெற்றிருப்பதால் மட்டும் நீங்கள் முத்திரை போட முடியாது. உரிமத்துக்கு விற்பனை அளவைப் பொறுத்துக் கட்டணம் உண்டு, காலாண்டு வாரியாகக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சுங்கம்: நேரடி இறக்குமதிக்கு இயோரி எண் (ஐரோப்பியச் சுங்கத்தில் வணிகர்களுக்கான பதிவு எண்) வேண்டும். சுங்கத்துறை இதை இலவசமாகத் தரும். பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறோம் என்று வரும் கடிதங்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

4. சங்கத்தைத் தேடுவதும் சரிபார்ப்பதும்

வடக்கே கஹமார்க்கா மாநிலத்தில் ஹாயென், சான் இக்னாசியோ பகுதிகள், பக்கத்தில் அமசோனாஸ், சான் மார்த்தின். நடுவில் ஹுனின் மாநிலத்துச் சாஞ்சமாயோவும் சத்திப்போவும், பாஸ்கோவின் வியா ரிக்கா. தெற்கே குஸ்கோவின் கில்யபம்பா, புனோவின் சந்தியா. இவைதான் முக்கியமான காபிப் பகுதிகள். ஹாயெனில் சென்ஃப்ரோகஃபே, சோல் இ கஃபே, பியூராவில் நோர்அந்தினோ, சத்திப்போவில் பங்கோவா என்று பெயர்பெற்ற சங்கங்கள் பல உண்டு. பெரிய சங்கங்களில் ஆங்கிலம் தெரிந்த ஏற்றுமதிப் பொறுப்பாளர் இருப்பார். சின்னச் சங்கமென்றால் ஸ்பானிஷ்தான். எளிமையான சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள், வாட்ஸாப்பில் பதில் சீக்கிரம் வரும்.

சரிபார்க்க வேண்டியது நான்கு.

ஒன்று, எந்த ஆர்கானிக் சட்டத்துக்கான சான்று என்பது. அமெரிக்க வேளாண் துறைச் சான்று மட்டும் இருந்தால் அந்தக் காபியை ஐரோப்பாவில் ஆர்கானிக் என்று விற்க முடியாது. ஒருவர் சான்றை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் உண்டு. ஆனால் அது அமெரிக்காவில் விளைந்த அல்லது பதப்படுத்திய பொருட்களுக்குத்தான், பெருவிலிருந்து நேரே வரும் கொட்டைக்கு இல்லை. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். "ஆர்கானிக் சான்று உண்டா?" என்று கேட்டால் உண்மையாகவே "உண்டு" என்பார்கள். "2018/848 சட்டப்படி சான்று உண்டா?" என்று ஐரோப்பிய ஆர்கானிக் சட்டத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு, சான்றிதழில் உள்ள பெயர். இந்தப் புதிய சட்டப்படி சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று வாங்கலாம். ஆனால் ஒரு குழுவில் 2,000 பேருக்குமேல் கூடாது. குழு தனிச் சட்ட உருவம் உடையதாக இருக்க வேண்டும். உள் கட்டுப்பாட்டு முறை நடத்த வேண்டும். வெளி ஆய்வாளர் ஆண்டுக்குக் குறைந்தது 5 விழுக்காடு உறுப்பினர்களை மறுபடி சோதிக்க வேண்டும். 2025இல் இடைக்கால அவகாசம் முடிந்து, வெளிநாட்டுக் குழுக்களுக்கும் இது பொருந்துகிறது. இதனால் பெரிய சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களைப் பல குழுக்களாகப் பிரிக்க வேண்டிவந்தது. ஆக, உங்களோடு கடிதம் எழுதுகிற சங்கத்தின் பெயரும், விளைவித்த குழுவின் பெயரும், ஏற்றுமதி செய்பவரின் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். மூன்றும் ஒரு சங்கிலியாகச் சான்றிதழ்களில் இணைகிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிரேசஸ் இணைய அமைப்பில் சான்றிதழ்களை யாரும் தேடிப் பார்க்கலாம். அனுப்பிவைக்கும் நகலை மட்டும் நம்ப வேண்டாம், காலாவதித் தேதியையும் அங்கேயே பாருங்கள்.

மூன்று, ஃபேர்ட்ரேட் அடையாள எண். ஃப்ளோசெர்ட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சான்று நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா என்று தெரியும். சிலர் அமெரிக்காவின் ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ சான்றைக் காட்டுவார்கள். அது 2011 இறுதியில் ஃபேர்ட்ரேட் இன்டர்நேஷனலை விட்டுப் பிரிந்த தனி அமைப்பு. அதன் சான்றை வைத்து ஐரோப்பிய ஃபேர்ட்ரேட் முத்திரை போட முடியாது. லத்தீன் அமெரிக்கச் சிறு உற்பத்தியாளர்களே நடத்தும் எஸ்பிபி முத்திரை இன்னொன்று. எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதுவும் தனி முத்திரை, தனி உரிமம். "நேரடி வணிகம்" என்று சொல்வதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

நான்கு, தோட்டங்களின் இருப்பிடத் தரவு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பாவில் விற்கக்கூடாது என்கிறது 2023/1115 சட்டம். ஒவ்வொரு நிலத்துக்கும் வரைபட ஆயத்தொலைவு வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது, உங்கள் சரக்கு வரும் மாதத்தில் எது பொருந்தும் என்று இறக்குமதியாளரிடம் கேளுங்கள். தேதி எப்படி இருந்தாலும் தரவை இப்போதே கேட்டுவிடுங்கள். அதைத் தயார் செய்ய சங்கத்து ஆட்கள் மலைமலையாக ஏறி இறங்க வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

5. மாதிரி

முதல் மாதிரி வரும்போது பையைப் பிரித்ததும் மூக்கை வையுங்கள். நல்ல பச்சைக் கொட்டையில் புது வைக்கோல், பச்சைப் பட்டாணி போன்ற வாசம் இருக்கும். ஈரச் சாக்கு, புளித்த வாடை, புகை என்று ஏதாவது தட்டினால் வறுத்துப் பார்க்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 350 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, கறுத்தது, புளித்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது என்று பிரித்து எண்ணுங்கள். அப்புறம் வறுத்து, கப்பிங் (கோப்பைகளில் ஊற்றிச் சுவைத்து மதிப்பிடுவது) செய்து, எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அங்கே கப்பிங் செய்கிறவர்களில் பலர் விவசாயிகளின் பிள்ளைகள். "நன்றாக இல்லை" என்ற ஒற்றை வரியைவிட "மூன்றாவது கோப்பையில் புளிப்பு தட்டியது" என்று எழுதினால் அவர்கள் எந்த ஊர்ச் சரக்கு என்று தேடிப் பிடித்துவிடுவார்கள்.

ஆய்வகச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பூச்சிக்கொல்லி எச்சங்களுக்கான பொதுச் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி வராது, அதற்குத் தனி முறை, தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் களைக்கொல்லி அடித்தது காற்றில் வந்து ஆர்கானிக் தோட்டத்தில் படியலாம், ஒரே சாக்கைப் பல வேலைக்குப் பயன்படுத்தியதாலும் வரலாம். கூடவே ஓக்ராடாக்சின் என்ற பூஞ்சை நச்சையும் சோதியுங்கள். வறுத்த காபியில் அது கிலோவுக்கு 3 மைக்ரோகிராமுக்குமேல் இருக்கக் கூடாது. எல்லாம் சேர்த்துச் சில நூறு யூரோ ஆகும். பத்து மூட்டைக்கு அது கனமான செலவுதான், ஆகவே கன்டெய்னரைப் பங்கிடுகிறவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

6. விலைக் கணக்கு

ஃபேர்ட்ரேட் விலை மூன்று அடுக்கு. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்குக் குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 டாலர், 2023 ஆகஸ்ட் முதல். ஆர்கானிக் என்றால் அதற்குமேல் 40 சென்ட். சமூகப் பங்காக இன்னொரு 20 சென்ட், அதில் குறைந்தது 5 சென்ட்டைத் தரத்துக்கும் விளைச்சலுக்கும் செலவிட வேண்டும். மீதியை என்ன செய்வது என்று உறுப்பினர்களின் பொதுக்குழு தீர்மானிக்கும். மொத்தம் 2.40 டாலர். இது துறைமுகத்தில் கப்பலேறும் வரைக்குமான விலை.

ஒரு 69 கிலோ மூட்டை ஏறக்குறைய 152 பவுண்டு, ஆக 365 டாலர். கன்டெய்னர் ஒரு லட்சம் டாலர்.

இது தரைமட்டம் மட்டுமே. நியூயார்க் சந்தை விலை 1.80க்கு மேலே போனால் சந்தை விலைதான் அடிப்படை, அதற்குமேல் அந்த 60 சென்ட். 2025 பிப்ரவரியில் சந்தை 4 டாலரைத் தாண்டியது. 4 டாலர் என்று வைத்தால் ஆர்கானிக் ஃபேர்ட்ரேட் 4.60, கன்டெய்னர் 1,92,000 டாலருக்குமேல். ஆகவே பழைய பட்டியலைப் பார்த்து வியாபாரத் திட்டம் போடாதீர்கள். அன்றைய சந்தையைப் பாருங்கள், அது இன்னும் ஒரு டாலர் ஏறினால் தாங்குமா என்றும் போட்டுப் பாருங்கள்.

வறுக்கும்போது எடையில் 15 முதல் 18 விழுக்காடு போய்விடும். 69 கிலோ மூட்டையிலிருந்து 57, 58 கிலோதான் விற்க மிஞ்சும். தரைமட்ட விலையிலேயே வறுத்த கிலோவுக்குக் கொட்டைச் செலவு மட்டும் 6.30 டாலர் அளவில் வரும். கப்பல் கூலி, காப்பீடு, கிடங்கு, ஆய்வகம், உரிமக் கட்டணம், காபி வரி, பை, உங்கள் உழைப்பு எல்லாம் அதற்குமேல்.

இவ்வளவையும் பார்த்துவிட்டுச் சங்கத்திடம் பேரம் பேசத் தோன்றும். தயவுசெய்து அந்த 60 சென்ட்டில் கை வைக்காதீர்கள். பேச வேண்டியது தரம், கப்பல் மாதம், மூட்டையின் உள் பை போன்றவை. ஈரம் புகாத உள் பை போட்டு அனுப்பச் சொன்னால் சின்னக் கூடுதல் செலவில் காபியின் ஆயுள் நன்றாகவே கூடும்.

7. ஒப்பந்தமும் முன்பணமும்

ஐரோப்பிய காபிக் கூட்டமைப்பின் நிலையான ஒப்பந்தப் படிவத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் கட்டாயம் எழுத வேண்டியவை: விளைந்த ஆண்டு, தரம், ஈரப்பத வரம்பு, மூட்டை எண்ணிக்கை, கப்பலேற்றும் மாதம், விலையும் ஆர்கானிக் தொகையும் சமூகப் பங்கும் தனித்தனி வரிகளாக, சான்றிதழ் எண்கள். "மாதிரிக்கு ஒப்புதல் இல்லையேல் விற்பனை இல்லை" என்ற நிபந்தனை. சரக்கு ஆர்கானிக் தகுதியை இழந்தால் அப்போது என்ன விலை, யார் பொறுப்பு என்பது. கடைசியாகச் சொன்னதை எழுத எல்லோரும் தயங்குவார்கள். நீங்கள் தயங்காதீர்கள், இரு தரப்புக்கும் அதுதான் பாதுகாப்பு.

இனி முன்பணம். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஹாயென் போன்ற ஊரில் சங்கத்தின் கொள்முதல் கூடத்தில் ஜூலை மாதத்தில் நின்று பாருங்கள். விவசாயி தோலுடன் காய்ந்த கொட்டையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார். ஊழியர் கூர்மையான குழாயை ஒவ்வொரு மூட்டையிலும் குத்தி ஒரு பிடி எடுப்பார், ஈரமானியில் போடுவார். சின்ன இயந்திரத்தில் தோல் நீக்கி, தேறிய நல்ல கொட்டை எவ்வளவு என்று எடை போட்டுத்தான் அவருக்கு விலை. அதே தெருவில் தனியார் வியாபாரி கையில் ரொக்கத்தோடு உட்கார்ந்திருப்பார். பழம் பறித்தவர்களுக்கு அந்த வாரமே கூலி கொடுக்க வேண்டிய விவசாயி, சங்கத்தில் பணம் இல்லையென்றால் என்ன செய்வார்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார், குறைந்த விலைக்காவது விற்றுவிடுவார். சந்தை ஏறிக்கொண்டிருக்கும் ஆண்டில் வியாபாரி கூடுதல் விலையே தருவார், சங்கத்துக்குச் சரக்கே வராது. ஒப்பந்தம் போட்டும் உங்கள் மூட்டை வராமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஃபேர்ட்ரேட் விதிப்படி சங்கம் கேட்டால் ஒப்பந்த மதிப்பில் 60 விழுக்காடு வரை முன்நிதிக்கு வாங்குபவர் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கம் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் ஒப்பந்தம் பேசும்போதே நீங்கள் கேளுங்கள்: எப்போது வேண்டும், எவ்வளவு வேண்டும்? முழுத் தொகையும் உங்களிடம் இருக்காது என்பது புரிகிறது. இறக்குமதியாளர் வழியாக வாங்கினால் அவர் முன்நிதி தருகிறாரா, எந்த மாதத்தில் தருகிறார், சங்கத்திடம் என்ன வட்டி வாங்குகிறார் என்று கேட்டு, அதை வைத்தே இறக்குமதியாளரைத் தேர்ந்தெடுங்கள். நவம்பரில் வரும் முழுப் பணத்தைவிட ஜூனில் வரும் பாதிப் பணம் அந்த ஊரில் அதிக வேலை செய்யும்.

வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வந்ததும் நம்பிப் பணம் போடாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு மாறிவிட்டது என்று செய்தி வந்தால் உங்களுக்குத் தெரிந்த ஆளைத் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்தபிறகே அனுப்புங்கள்.

8. கப்பல் கிளம்பும் முன்

ஆர்கானிக் சரக்குக்கு ஆய்வுச் சான்று என்று ஒன்று உண்டு, சுருக்கமாக சிஓஐ. ஒவ்வொரு கப்பல் சரக்குக்கும் தனித்தனியாக, டிரேசஸ் அமைப்பில், ஏற்றுமதி நாட்டின் ஆய்வு நிறுவனம் வழங்கும். சரக்கு பெருவை விட்டுக் கிளம்பும் முன் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். பிந்தினால் சரக்கு ஐரோப்பாவில் ஆர்கானிக்காக நுழையாது, சாதாரணக் காபியாக விற்க வேண்டியதுதான். கொட்டை அதே கொட்டை, விவசாயியின் உழைப்பும் அதேதான், ஆனாலும் வழியில்லை.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சரக்கு அனுப்பும் முகவர் ஒருவர், "கப்பல் வந்து சேர ஒரு மாதமாகும், அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுத்திலேயே சொன்னார். மற்ற சரக்குகளுக்கு அப்படிப் பழகியவர். சங்கத்து ஏற்றுமதிப் பொறுப்பாளர் கேட் அடைக்கும் நேரத்துக்கு முன் கன்டெய்னரைத் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்துக் காப்பாற்றினார். கப்பல் தவறிப்போய் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த செலவு, ஆர்கானிக் தகுதி போயிருந்தால் வந்திருக்கும் நட்டத்தில் ஒரு துளி. முகவரிடம் "சிஓஐ வழங்கப்பட்டது என்று நான் எழுதும்வரை ஏற்றக் கூடாது" என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

சான்றில் இருக்கும் பெயர், முகவரி, எடை, மூட்டை எண்ணிக்கை எல்லாம் விலைப்பட்டியலோடும் பில் ஆஃப் லேடிங்கோடும் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) ஒத்திருக்க வேண்டும். கப்பல் பெயர் போன்ற சில விவரங்களைப் பிறகு குறுகிய அவகாசத்துக்குள் சேர்க்கலாம். மற்றவற்றில் எழுத்துப்பிழைகூட வேண்டாம். முதலில் பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் ஆர்கானிக் சான்றிதழில் உள்ள முகவரியே வர வேண்டும். கிடங்கு முகவரியைப் போட்டுச் சிக்கிக்கொண்டவர்களை அறிவேன்.

இதோடு வர வேண்டியவை: விலைப்பட்டியல், மூட்டைப் பட்டியல், பில் ஆஃப் லேடிங், சர்வதேசக் காபி அமைப்பின் பிறப்பிடச் சான்று, வாங்கும் நாடு கேட்டால் பெருவின் வேளாண் நல அமைப்பான செனாசா தரும் தாவர நலச் சான்று. கப்பலேற்றத்துக்கு முந்தைய மாதிரிக்கு உங்கள் ஒப்புதல் போயிருக்க வேண்டும். கப்பலேறும் வரைதான் சங்கத்தின் பொறுப்பு என்ற எஃப்ஓபி விலையில் வாங்கினால் கடல்வழிக் காப்பீடு உங்கள் பாடு, கப்பல் நகரும் முன் எடுங்கள்.

9. துறைமுகம், சுங்கம், காபி வரி

வறுக்காத, காஃபின் நீக்காத காபிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க வரி இல்லை. ஜெர்மனியில் 7 விழுக்காடு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி கட்டிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொகையும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். சிஓஐயை அதிகாரிகள் சரிபார்த்து ஒப்புதல் போட்டபின்தான் சுங்க விடுவிப்பு. சரக்கு கைக்கு வந்ததும் பெறுபவர் என்ற முறையில் டிரேசஸில் நீங்களும் உங்கள் பகுதியை நிரப்ப வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ காபி வரி. பச்சைக் கொட்டைக்கு இல்லை, வறுத்த நொடியிலிருந்து உண்டு. முதல் வறுப்புக்கு முன்பே பகுதிச் சுங்க அலுவலகத்தில் வரிக் கிடங்கு அனுமதி வாங்கிவிட்டால், விற்று வெளியே போகும் காபிக்கு மாதாமாதம் கணக்குக் கொடுத்துக் கட்டலாம். அனுமதி இல்லாமல் வறுத்தால் வரி உடனடியாகச் சேரும். பெல்ஜியம் போன்ற வேறு சில நாடுகளிலும் காபி வரி இருக்கிறது, அந்தந்த நாட்டு விகிதத்தைப் பாருங்கள்.

10. லேபிள்

பை அச்சடிக்கும் முன் வரைவை இரண்டு இடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்: உங்கள் ஆர்கானிக் ஆய்வு நிறுவனத்துக்கும், ஃபேர்ட்ரேட் உரிமம் தந்த அமைப்புக்கும். ஐரோப்பிய ஆர்கானிக் இலைச் சின்னத்தோடு ஆய்வு நிறுவனத்தின் குறியீட்டு எண் வர வேண்டும். அது கடைசியாகப் பதப்படுத்திய உங்களைச் சோதிக்கும் ஆய்வு நிறுவனத்தின் எண், பெருவில் சோதித்த நிறுவனத்தின் எண் அல்ல. அதையொட்டி, விளைந்த இடம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே என்றோ, முழுவதும் பெருவிலேயே விளைந்ததென்றால் பெரு என்றோ குறிப்பிட வேண்டும். ஒப்புதல் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், திருத்தம் வந்தால் இன்னும் கூடும். ஆகவே சரக்கு கடலில் இருக்கும்போதே வரைவை அனுப்பிவிடுங்கள், முதல் தடவை சில நூறு பைகளுக்குமேல் அச்சடிக்காதீர்கள்.

சங்கத்தின் பெயரையும் ஊரையும் பையில் போட விரும்பினால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். விவசாயிகளின் படத்துக்கும் அப்படியே. அச்சான பையில் ஒன்றிரண்டை அவர்களுக்கு அனுப்பும்போது, அடுத்த ஆண்டு எத்தனை மூட்டை எடுப்பீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ஜனவரியில் அந்த எண் கையில் இருந்தால் அதைக் காட்டி அவர்கள் அறுவடைக் கடனுக்குப் பேச முடியும்.